கல்வீட்டுக்குச் சிமெண்டுப் போர்வையா?

“பழைய வீடுதானே, இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம்” என்று சொல்வது இன்று நம்மவரிடையே மிக எளிதாகிவிட்டது. சொல்பவர் அவ்வீட்டின் கூரையை அண்ணாந்து பார்த்தவரல்லர். அதன் சுவரில் கைவைத்துப் பார்த்தவருமல்லர். கைத்தொலைபேசியில் வந்த பத்துப் படங்களைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு வழங்கிவிடுகிறார். இடிக்க மனம் வராத இன்னொரு சாராரும் உளர். அவர்கள் ‘புதுப்பித்தல்’ என்னும் பெயரால் சுவர் முழுதும் சிமெண்டைப் பூசி, முற்றத்தை மூடி, தரையெங்கும் வழுவழுப்பான ஓடு பதித்து, வாயிலில் இரும்புக் கதவும் போட்டுவிட்டு, “பாட்டன் வீட்டைக் காப்பாற்றிவிட்டோம்” என்று மகிழ்கின்றனர். இவ்விரு சாராருள் பின்னவரையே நான் பெரிதும் அஞ்சுகிறேன். முன்னவர் செய்வது அழிவு என்பது எல்லார்க்கும் தெரியும். தடுப்பதற்கு ஒருவரேனும் எழுந்து பேசுவார். பின்னவர் செய்வதோ மருத்துவம் என்று நம்பப்படுகிறது. பத்து ஆண்டு கழித்துச் சுவர் உதிரும்போது, “பழைய சுவர் அல்லவா, அப்படித்தான் இருக்கும்” என்று பழி மீண்டும் பாட்டன்மேலேயே விழுகிறது.

நான் பேசுவது யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளைப் பற்றி. மலேசியாவில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து வீட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று இளைய ஆசிரியர்கள் கேட்கக்கூடும். அவ்வீடுகளுட் பல இம்மண்ணில் ஈட்டிய பணத்தால் எழுந்தவை. 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன்பின் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் நில அளவையாளர்களாகவும் யாழ்ப்பாணத்தார் பலர் இங்கு வந்து பணியாற்றினர். ஓய்வு பெற்று ஊர் திரும்பியோரை அங்கே ‘மலாயாப் பென்ஷன்காரர்’ என்றழைத்தனர். ஓலைவீடும் மண்வீடும் நிறைந்திருந்த ஊர்களில் அவர்கள் கட்டியவை கல்வீடுகள். ‘கல்வீட்டுக்காரர்’ என்பது அக்காலத்தில் ஒரு பட்டப்பெயர் போலவே வழங்கியது. அப்பெருமையில் சாதிச் செருக்கும் செல்வச் செருக்கும் கலந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சிரம்பானிலும் உச்சி வெயிலில் உழைத்த உழைப்பு அச்சுவர்களில் இருக்கிறது. இன்று அவற்றின் உரிமை அவர்தம் பேரர்க்கும் பேரரின் மக்கட்கும் வந்திருக்கிறது. அவர்களிற் பாதிப்பேர் இந்நாட்டில் இருக்கின்றனர். எஞ்சியோர் கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று சிதறியிருக்கின்றனர். 2009இல் போர் ஓய்ந்து, மூடிக்கிடந்த பகுதிகள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திறக்கப்பட்டுவர, வீட்டைப் பற்றிய பேச்சும் குடும்பங்களில் எழத் தொடங்கிற்று.

என் தாய்வழியிலும் அத்தகைய வீடு ஒன்று உண்டு. வலிகாமத்தில் ஒரு சிற்றூர். நடுவே முற்றமும் நாற்புறமும் தாழ்வாரமும் கொண்ட நாற்சார் வீடு. சென்ற ஆண்டு உறவினரெல்லாம் ஒன்றுகூடிப் பணம் திரட்டுவதென முடிவு செய்தோம். முடிவு செய்த மறுவாரமே வரைபடம் ஒன்று வந்துவிட்டது. வரைந்தவர் வீட்டை நேரிற் கண்டவரல்லர். வரைபடத்தில் முற்றத்தின்மீது கண்ணாடிக் கூரை. தாழ்வாரம் இருந்த இடத்தில் குளிரூட்டிய இரண்டு படுக்கையறைகள். அடுக்களைக்குப் பின்னே, கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, மலக்குழி. சுவர்களுக்கெல்லாம் ‘பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பூச்சு’. உறவினர் எல்லார்க்கும் அது பிடித்துப் போயிற்று. நான் ஒருவன்தான் ஒப்பவில்லை. வாத்தியார் குணம் என்று சிரித்தார்கள். இருக்கலாம். விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னர்ப் போடும் மாணவனுக்கு நான் இதுவரை மதிப்பெண் கொடுத்ததில்லை.

திட்டம் என்றால் என்ன? குளியலறைக்கு எந்நிறத்து ஓடு என்பதா? முதற்கேள்வி, அது யாருடைய வீடு என்பதே. உறுதி யார் பெயரில் இருக்கிறது? அவருக்குப்பின் வழியுரிமை எத்தனை பேருக்குச் சென்றது? 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் அம்மக்களின் காணியுரிமையை இன்றும் ஆள்கிறது. பங்காளி ஒருவன் தன் பங்கை வெளியாருக்கு விற்கக் கருதினால் ஏனைய பங்காளிகளுக்கு முன்னுரிமை உண்டு. அடுத்து, நாம் மலேசியக் குடிமக்கள். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இலங்கையின் 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டமோ அயல்நாட்டார்க்கு நிலம் கைமாறுவதைத் தடை செய்கிறது. உரிமையாளரின் நெருங்கிய உறவினர்க்கு வழியுரிமையாகவோ நன்கொடையாகவோ விருப்பாவணத்தாலோ வருவதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அப்படியாயின், பங்காளியிடம் பணம் கொடுத்துப் பங்கை வாங்கிவிடலாம் என்று இங்கிருந்தபடி எண்ணுவது எளிதாக நிறைவேறுமா? வழக்கறிஞரைக் கேளாமல் வரைபடக்காரரைக் கேட்பது என்ன முறை? கண்ணாடிக் கூரைக்கு முன்பணம் கொடுக்க ஆயத்தமாயிருந்த என் உறவினர்களில் ஒருவரிடமும் உறுதியின் படி இல்லை. இதைப் பற்றி இனியும் நீட்டிப் பேச வேண்டியதில்லை, சுவருக்கு வருவோம். பெருந்தவறு நிகழ்வது அங்கேதான்.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் ஒரு சுண்ணாம்புப் பாறைத் தட்டு. மேலே செம்மண் சில அடி, கீழே பாறை. அப்பாறையை வெட்டிச் சுவர் எழுப்பினர். அதே வகைக் கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டுச் சாந்தும் செய்தனர். இந்த வேதியியலை நம் மாணவர் பாடநூலில் படித்திருப்பர். வீட்டோடு பொருத்திப் பார்த்திருக்கமாட்டார்கள். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், நூறு பங்கு கல்லில் நாற்பத்து நான்கு பங்கு கரியமிலக் காற்றாகப் பிரிந்து போகும்; ஐம்பத்தாறு பங்கு சுட்ட சுண்ணாம்பாக எஞ்சும். அதில் நீர் ஊற்ற, சீறிக் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு குழைத்துச் சுவரிற் பூசினால், அது காற்றிலிருந்து தான் இழந்த அதே கரியமிலக் காற்றை மெல்ல மெல்ல மீண்டும் பெற்றுக் கல்லாக மாறும். ஒரு நாளில் ஆவதன்று. தடித்த சுவரில் ஆண்டுக்கணக்கிலும் ஆகும். கல்லிலிருந்து பிறந்து கல்லாகவே திரும்பும் சாந்து அது. ஆகவே, கல்லும் சாந்தும் பூச்சும் ஒரே இயல்பினவாக இருந்தன. மூன்றிலும் நுண்துளைகள் உண்டு. மூன்றிலும் ஈரம் புகும், மூன்றினின்றும் ஈரம் வெளியேறும்.

பழைய கல்வீட்டுச் சுவரின் அடியில் ஈரந்தடுக்கும் தகடு எதுவும் கிடையாது. நிலத்து நீர் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இதைத்தான் ஓதம் என்கிறோம். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெயிலிலும் காற்றிலும் உலர்ந்து போகும். ஏறுவதும் உலர்வதும் சமமாக இருக்கும்வரை சுவருக்கு நோயில்லை. இத்தகைய சுவருக்குச் சிமெண்டைப் பூசுவது, வியர்க்கும் உடம்பைத் தார்ப்பாயால் சுற்றிக் கட்டுவதை ஒக்கும். அடைபட்ட ஈரம் வெளியேற வழி தேடி மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்பு உயரத்துக்கும் தோள் உயரத்துக்கும் போகும். அவ்வீரத்தில் மண்ணின் உப்பும் கடற்காற்றின் உப்பும் கரைந்திருக்கின்றன. நீர் எங்கே உலர்கிறதோ அங்கே உப்பு படிகமாகும். படிகம் வளரும்போது கல்லின் துளைகளை நெருக்கிப் பிளக்கும். முன்பு இது பூச்சின் மேற்புறத்தில் வெள்ளையாகப் பூத்தது, துடைத்துவிட்டுப் போயினர். இப்போது சிமெண்டுக்குப் பின்னே, கண்ணுக்குத் தெரியாமல், கல்லின் முகத்திலேயே நிகழ்கிறது. ஒருநாள் சிமெண்டுப் பலகை பெயர்ந்து விழும். தனியே விழாது, கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு விழும்.

தரையையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும். மண்ணும் சுண்ணாம்பும் இட்ட பழைய தரையின் வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக வெளியேறிக்கொண்டிருந்தது. அதன்மேல் காங்கிரீட்டும் வழுவழுப்பான ஓடும் பதித்துவிட்டால், வீட்டின் அடியிலுள்ள ஈரம் அத்தனையும் சுவரை நோக்கித் திரும்பும். பிறகு சுவரில் ஓதம் மிகுந்துவிட்டதென்று இன்னும் தடிப்பாகச் சிமெண்டு பூசுவார்கள்.

“சிமெண்டு வலிமையானது, சுண்ணாம்பு மெலியது, வலியதைப் போடுவதில் என்ன பிழை?” என்பது எதிர்த்தரப்பாரின் தலையாய வாதம். வலிமை எங்கே வேண்டும் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்லைவிடச் சாந்து மெலியதாக இருத்தல் வேண்டும் என்பதே கற்கட்டுமானத்தின் முதல் விதி. சுவர் சற்று அசைந்தால் சாந்து விரியட்டும். ஈரமும் உப்பும் வந்தால் சாந்து உதிரட்டும். உதிர்ந்த சாந்தை ஒரு கொத்தர் அரைநாளில் அடைத்துவிடுவார். சாந்து கல்லினும் வலிதானால் விரிசல் கல்லில் விழும். கல் விரிந்தால் யார் அடைப்பது? சிமெண்டை நான் வெறுப்பவனல்லன். என் பள்ளிக் கட்டடம் சிமெண்டால் ஆனது, நன்றாகவே நிற்கிறது. சிமெண்டுக்கென்று வகுத்துக் கட்டிய சுவருக்குச் சிமெண்டு பொருந்தும். விந்தை என்னவென்றால், யாழ்ப்பாணத்தின் அதே பாறையிலிருந்துதான் சிமெண்டும் வந்தது. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய ஆலை அக்கல்லையே அரைத்துச் சிமெண்டாக்கிற்று. 1990இல் போரினால் அது நின்றுபோயிற்று. ஒரே பாறையின் பிள்ளைகளாயினும் குணத்தால் வேறானவை. இவ்வுண்மை குடும்பங்களுக்கும் பொருந்துமாதலால் எவரும் எளிதில் விளங்கிக்கொள்வர்.

வலிய பொருளைப் போட்டு வீழ்ந்த கதைக்கு ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. பழங்காலக் கிரேக்கர் பார்த்தனன் கோயிலின் பளிங்குக் கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்தனர். அவ்விரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றிக் காற்றும் நீரும் தீண்டாதவாறு காத்தனர். ஏறத்தாழ இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1898 முதல் நிக்கோலாஸ் பாலனோஸ் என்னும் பொறியாளர் அக்கோயிலைத் திருத்தினார். அவர் காலத்தில் இரும்பு நவீனப் பொருள், வலிய பொருள். ஈயக் காப்பு இல்லாமலே கவ்விகளையும் கம்பிகளையும் செருகினார். இரும்பு துருவேறிற்று, துரு இரும்பைவிட மிகுதியான இடம் கொள்ளும், உள்ளிருந்தே பளிங்கைப் பிளந்தது. 1975இல் அமைக்கப்பட்ட குழுவின் மேற்பார்வையில் அவ்விரும்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, துருவேறாத டைட்டேனியத்தைப் பொருத்தும் பணி தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்தது. உலகமே போற்றும் கோயிலுக்கே அறிவாளியின் அவசரத்தால் இக்கதி நேர்ந்ததென்றால், வலிகாமத்து நாற்சார் வீட்டில், கடற்காற்றடிக்கும் இடத்தில், சுவரைத் துளைத்துக் கம்பியைச் செருகிக் காங்கிரீட்டுத் தட்டைத் தொங்கவிடுவது எத்தகைய துணிவு!

“சுண்ணாம்பெல்லாம் பழங்கதை, வெயிலும் மழையும் மிகுந்த நம் பகுதிக்கு நிற்குமா?” என்று கேட்போர் தொலைவு செல்ல வேண்டாம். சிங்கப்பூரில் புனித ஆண்ட்ரூ பேராலயத்தைப் போய்ப் பார்க்கட்டும். 1856இல் அடிக்கல் நாட்டி, 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட அவ்வாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொணரப்பட்ட கைதிகள். உட்சுவரின் பூச்சுக்கு ‘மதராஸ் சுண்ணம்’ என்றே பெயர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்து, பூசி, உலர்ந்தபின் மெருகேற்றினர். நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் ஆலயம் நிற்கிறது. நம் மூதாதையர் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சுண்ணாம்பிற் சேர்த்ததும் இவ்வகையினதே. விலங்கு பூண்ட கைகள் செய்த பணியை நாம் நாகரிகமில்லாத பழம்பணி என்று தள்ளுகிறோம். விளம்பரத் தாளில் கண்ட பூச்சை நம்புகிறோம்.

தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தைச் சடங்கு என்றே வகுப்பில் கற்பித்து வருகிறோம். அதில் ஒரு பராமரிப்புத் திட்டம் இருந்ததைச் சொல்லித் தருவதில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வது. மழை விட்டதும், சுவர் உலரத் தொடங்கும் தையில், நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து அடிப்பார்கள். மழையில் அரித்த மேற்பூச்சை அது நிரப்பும். நுண்ணிய விரிசல்களை மூடும். சுவரின் மூச்சையும் அடைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை வீட்டின் ஒவ்வொரு சாணையும் ஒருவர் கண்ணால் பார்த்துவிடுவார் என்பது இன்னும் பெரிய பயன். பிளாஸ்டிக் கலந்த வண்ணப்பூச்சு வந்து, ‘பத்தாண்டுக்கு அடிக்க வேண்டாம்’ என்று சொன்னபோது, பத்தாண்டுக்குப் பார்க்கவும் வேண்டாம் என்றாயிற்று. இங்கிலாந்தில் 1877ஆம் ஆண்டு வில்லியம் மாரிஸ் பழங்கட்டடங்களைக் காக்கும் கழகம் ஒன்றை நிறுவினார். பழைய தேவாலயங்களைச் சுரண்டிச் செப்பனிட்டுப் பாழாக்கியோரை எதிர்த்து எழுந்தது அது. அதனால் ‘சுரண்டல் எதிர்ப்பாளர்’ என்று அதற்குக் கேலிப்பெயரும் ஏற்பட்டது. பெருந்திருத்தத்தைவிட நாள்தோறும் செய்யும் சிறு பராமரிப்பே மேலானது என்பது அக்கழகத்தின் கொள்கை. நம் பாட்டிமார் கழகம் எதுவும் கூட்டாமலே அதைச் செய்துவந்தனர்.

இனி, முற்றத்தை மூடும் கண்ணாடிக் கூரை. வெளிச்சம் வரும், மழை வராது என்கிறார்கள். முற்றம் இருப்பது வெளிச்சத்துக்கு மட்டுமன்று. தாழ்வாரங்களில் திரளும் வெப்பக்காற்று மேலெழுந்து போவதற்குமாகும். கண்ணாடியால் மூடினால் வீடு அடுப்பாகும். அடுப்பானபின் குளிரூட்டி வேண்டும். குளிரூட்டிக்காகக் கதவுகளை அடைக்க வேண்டும். அடைத்தபின் சுவர்கள் உலர வழியில்லை. ஒரு பிழை அடுத்த பிழைக்குக் கைகாட்டி அழைத்துச் செல்லும் அழகு இது. முற்றம், தாழ்வாரம், திண்ணை, சங்கடப்படலை முதலிய சொற்களை அடுக்குமாடியில் வளரும் மாணவர்க்கு விளக்க நாம் படும் பாடு தமிழாசிரியர்க்குத் தெரியும். சொல்லுக்குரிய பொருள் எங்கோ ஓரிடத்தில் நிற்கும்போது அதையும் நாமே மூடிவிட்டு, பின்னர்ச் சொல் வழக்கொழிந்தது என்று மாநாட்டில் வருந்துவது நமக்குக் கைவந்த கலை.

அதனினும் கொடியது கிணற்றுக்கு அருகே அமைத்த மலக்குழி. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கிணறுகள் அதையே இறைக்கின்றன. வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புப் பாறை மண்போல் வடிகட்டாது. குழியிற் சென்ற அழுக்கு கிணற்றில் தோன்ற நெடுநாள் ஆகாது. நம் கிணறு மட்டும் கெடுவதன்று. அண்டை வீட்டார் கிணறும் கெடும். ஆண்டுக்கு இருவாரம் விடுமுறைக்குப் போய்வரும் நாம், ஆண்டு முழுவதும் அங்கு வாழ்வோரின் குடிநீரில் கைவைக்க என்ன உரிமை பெற்றோம்? மூடிய தொட்டி கட்டி, கிணற்றினின்றும் காணியின் மறுகோடிக்குத் தள்ளி வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவை முதற்செலவுகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும். கண்ணாடிக் கூரைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிகூட அதற்கு ஆகாது என்பது என் கணிப்பு.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நேரிற் சென்று எட்டு நாள் தங்கிப் பார்த்தேன். 1990க்குப் பின் அவ்வூரில் மக்கள் நெடுங்காலம் குடியிருக்கவில்லை. பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு நேர்ந்தவை எல்லாம் இவ்வீட்டுக்கும் நேர்ந்திருந்தன. நிலைகளும் கதவுகளும் எவராலோ கழற்றிக்கொண்டு போகப்பட்டுவிட்டன. கூரையில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. தென்மேற்கு மூலையில் சுவரின் தலைமேல் ஆலங்கன்று ஒன்று ஆள்மட்டத்துக்கு வளர்ந்திருந்தது. வேரை இழுத்துப் பிடுங்கினால் கல்லும் உடன் வரும். ஆதலால் அடியோடு வெட்டி, வேரைப் பட்டுப்போகவிட்டு, பின்னர்தான் எடுக்க வேண்டும் என்றார் அவ்வூர்க் கொத்தர். எஞ்சிய கூரையில் பனஞ்சலாகைகள் பெரும்பாலும் நன்றாக இருந்தன. முதிர்ந்த பனையின் புறவயிரத்தில் அறுத்தவை. கத்தியால் குத்திப் பார்த்தேன், நுனி இறங்கவில்லை. கூரையில்லாத பகுதியிலும்கூட, ஒன்றரை அடித் தடிப்புள்ள சுவர்கள் முப்பது மழைக்காலம் நனைந்தும் செங்குத்தாகவே நின்றன. மோசமாயிருந்த சுவர் ஒன்றே ஒன்று. அது எது தெரியுமா? இடம்பெயர்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் யாரோ அக்கறையோடு சிமெண்டு பூசிய அடுக்களைச் சுவர். பூச்சைத் தட்டினால் ‘பொத்’தென்று ஓசை எழுந்தது, விரல்விட்டு இழுத்தேன், பலகையாகக் கையோடு வந்தது. பின்னே கல் மாவாக உதிர்ந்தது. அதைப் படம்பிடித்து உறவினர் அனைவர்க்கும் அனுப்பினேன். கண்ணாடிக் கூரையைப் பற்றிய பேச்சு அதன்பின் சிறிது தணிந்தது.

“சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தர் இல்லை” என்பார் உளர். மறந்துபோன வேலைதான்; மறைபொருள் அன்று. ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்பு, மூன்று பங்கு உப்பில்லாத கூர்மணல். மெல்லிய பூச்சுகளாக, ஒன்று இறுகியபின் அடுத்தது. வெயில் நேரே படாமல் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு நாள்கணக்கில் காத்தல். கை பழகிய கொத்தர் ஒருவர் ஒரு சுவரிலேயே கற்றுக்கொள்வார். கடினமானது பொறுமைதான். சிமெண்டு மறுநாளே இறுகும். கூலி கணக்கு முடியும். சுண்ணாம்பு காத்திருக்கச் சொல்லும். இரண்டு வாரத்தில் முடித்துப் படமெடுத்துக் கொண்டு விமானமேற வேண்டும் என்பவர்க்குச் சுண்ணாம்பு பொருந்தாது. அவர்க்கு எந்தப் பழைய வீடுமே பொருந்தாது.

இனி, எவராலும் எளிதில் விடைசொல்ல முடியாத வினா ஒன்று உண்டு. அங்கே யார் வாழப் போகிறார்கள்? நம் பிள்ளைகள் போகமாட்டார்கள். இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். ஆளில்லாத வீட்டுக்கு ஐந்து குளியலறை எதற்கு? அடுப்புப் புகையும் விளக்குமாறும் இல்லாத வீட்டில் கறையான் குடியேறும். முகட்டில் ஓர் ஓடு நழுவியதைக் காண ஒருவர் இல்லையேல், அந்த ஓர் ஓட்டின் வழியே கூரை முழுதும் இறங்கும். ஆகவே நான் உறவினர் முன் வைத்த முன்மொழிவு இது: அவ்வூரில் சொந்த வீடில்லாத ஆசிரியக் குடும்பம் ஒன்றை, எழுத்து உடன்படிக்கையுடன், குறைந்த வாடகைக்குக் குடியமர்த்துவோம், வாடகைக்கு ஈடாக ஆண்டுதோறும் வெள்ளையடித்துக் கூரையையும் பார்த்துக்கொள்ளட்டும், நமக்கென ஓர் அறை இருந்தாற் போதும். “அந்நியரைக் குடிவைத்தால் வீட்டை விழுங்கிவிடுவார்கள்” என்று உடனே குரல் எழுந்தது. அச்சம் பொருளற்றதன்று; பத்தாண்டு எதிருரிமையோடு ஆண்டவன் உரிமை கோர அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. எழுத்து உடன்படிக்கையும் ஒழுங்கான வாடகைச் சீட்டும் வேண்டுவது அதற்காகத்தான். பூட்டி வைத்தால் வீட்டை மனிதன் விழுங்கமாட்டான், உண்மை. ஆலங்கன்று விழுங்கும்.

இடிக்க வேண்டும் என்போரிடமும் ஒரு சொல். அப்பெருங்கற்களை இடித்தெடுத்தால் மீண்டும் அதுபோல் அடுக்குவார் இல்லை. அவை உடைபட்டுப் புதுவீட்டின் அடித்தளத்துக்குச் சல்லியாகப் போகும். எழுவது எந்த ஊரிலும் காணத்தக்க ஒரு காங்கிரீட்டுப் பெட்டி. போர் எறிகணையால் செய்து முடிக்காததை நாம் நம் செலவில், இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்தி, செய்து முடிப்பதா?

உறவினர் கூட்டம் வரும் மாதம் மீண்டும் கூடுகிறது. பெரிய வரைபடத்தை ஓராண்டு மூடி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இவ்வாண்டுப் பணத்தில் உறுதியைத் தெளிவாக்குவதும், கூரையைச் செப்பனிடுவதும், கூரைநீர் சுவரடியில் விழாதபடி பீலி கட்டி வடிகால் வெட்டுவதும், அடுக்களைச் சுவரின் சிமெண்டை உளியால் மெல்லப் பெயர்த்தெடுப்பதும் மட்டும் நடக்கட்டும். ஐப்பசி மழையில் வீடு ஒருமுறை நனையட்டும். எவ்விடத்தில் ஒழுகுகிறது, எவ்விடத்தில் ஓதம் ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு, தையில் வரைபடத்தைத் திறப்போம். கூரை வேலை ஆவணிக்குள் முடிந்தாக வேண்டும். பனஞ்சலாகை அறுக்கத் தெரிந்தவர் அவ்வூரில் ஒருவரே இருக்கிறார், எழுபது கடந்தவர். முன்பணம் அவருக்குத்தான் முதலில் போக வேண்டும்.